முதலாளிகள் கூடிப் பேசுகிறார்கள். நமது நாற்காலி எங்கே?

தோட்டத்துப் பால் ஸ்டோரில் அம்மோனியா டிரம் நிற்கிறது. மருந்துக் கொட்டகையில் களைக்கொல்லி டின்கள் அடுக்கிக் கிடக்கின்றன. மேரு வட்டாரத்துக் கையுறைத் தொழிற்சாலைகளில் குளோரினும் கந்தகமும் துத்தநாக ஆக்சைடும் பலவகைத் திராவகங்களும் நாள்தோறும் புழங்குகின்றன. தகப்பனார் பால்மரம் சீவினார்; மகள் தொழிற்சாலையில் கையுறை எண்ணிக் கட்டுகிறாள். இரண்டு தலைமுறையில் வேலை மாறிற்று. மூக்கில் ஏறும் நெடி மாறவில்லை.

இந்த ரசாயனங்களை எவ்வாறு கையாள வேண்டும் என்று கூறும் சட்டங்கள் நம் நாட்டில் இல்லாமலில்லை. 1974இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. 1994இல் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தது. அதன் கீழ், உடல்நலத்துக்குக் கேடு தரும் ரசாயனங்கள் பற்றிய விதிகள் 2000இலும், ரசாயனங்களை வகை பிரித்து, லேபிள் ஒட்டி, விவரத்தாள் கொடுக்க வேண்டும் என்ற விதிகள் 2013இலும் வந்தன. இவற்றுக்கு இணங்கி நடப்பதற்காக முதலாளிமார் தனித்தனியே திண்டாடவில்லை. சங்கம் சங்கமாகக் கூடி, அறிவைப் பகிர்ந்து, செலவைப் பங்கிட்டு வேலை செய்கின்றனர். ரசாயன உற்பத்தியாளர்களுக்கு 1978 முதல் மலேசிய ரசாயனத் தொழில் மன்றம் உண்டு. கையுறை உற்பத்தியாளர்களுக்கு 1989 முதல் தனிச் சங்கம் உண்டு. தோட்ட முதலாளிகளுக்கு மாப்பா இருப்பதைச் சம்பளப் பேச்சுவார்த்தை கண்ட நம் அங்கத்தினர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கூட்டுறவை நாம் குறை கூறவில்லை. தொழிற்சங்கம் நடத்துகிற நாமே பிறரைப் பார்த்து "ஒன்றுகூடாதீர்" என்று சொல்வது அழகுமல்ல. நாம் கேட்பது ஒன்றே. அந்த மருந்தைத் தொடும் கை யாருடையது? அந்தக் கைக்கு உரியவர் அந்த மேசையில் இருக்கிறாரா?

கூட்டுறவு எப்படி நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுவோம். இது படித்த துரைமாருக்கு மட்டுமே உரிய விஷயம் என்று நம்மவரில் பலர் ஒதுங்கிக் கொள்கின்றனர். அப்படி ஒன்றும் மர்மம் இல்லை.

ஒரு ரசாயனம் கண்ணில் பட்டால் என்ன செய்யும், நெஞ்சுக்குள் போனால் என்ன செய்யும், எவ்வளவு வரை உடல் தாங்கும் என்பதைக் கண்டறிய வருடக் கணக்கில் சோதனை வேண்டும். பணமும் தண்ணீராய்ச் செலவாகும். ஒரே சரக்கைப் பத்துக் கம்பெனிகள் செய்யும்போது, பத்தும் தனித்தனியே அதே சோதனையை நடத்துவது வீண் வேலை. ஆகவே 2007இல் அமலுக்கு வந்த ஐரோப்பிய ரசாயனச் சட்டம், ஒரே பொருளைச் செய்யும் கம்பெனிகள் யாவும் ஒன்றுசேர்ந்து, கைவசமுள்ள சோதனை முடிவுகளைப் பகிர்ந்து, செலவையும் நியாயமாகப் பங்கிட்டு, கூட்டாகவே பதிவு செய்ய வேண்டும் என்று விதித்தது. விவரம் கொடுக்காத சரக்குக்குச் சந்தை இல்லை என்பதே அச்சட்டத்தின் அடிப்படை. முன்பே சந்தையில் இருந்த சரக்குகளைப் பதிவதற்கான கடைசித் தவணை 2018 மே மாதத்தோடு முடிந்தது. சந்தையில் ஒருவர் கழுத்தை ஒருவர் நெரிக்கும் கம்பெனிகள், சட்டம் கட்டாயப்படுத்தியதும் ஒரே பந்தியில் உட்கார்ந்தன. முதலாளி மனம் வைத்தால் இரகசியம்கூடப் பொதுச் சொத்தாகும் என்பதை இதிலிருந்து தெரிந்து கொள்ளலாம்.

நம் நாட்டு 2013 விதிகள் அவ்வளவு தூரம் போகவில்லை என்றாலும் அதே பாதையில்தான் செல்கின்றன. அபாய ரசாயனத்தை விற்பவர் அதன் குணத்தை வகை பிரித்துச் சொல்ல வேண்டும். டிரம்மின்மேல் சிவப்புச் சாய்சதுரக் கட்டத்துக்குள் அபாயப் படம் போட வேண்டும். கூடவே பதினாறு தலைப்புகள் கொண்ட விவரத்தாள் கொடுக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு டன்னோ அதற்கு மேலோ இறக்குமதி செய்பவரும் விற்பவரும் அந்தக் கணக்கை அடுத்த ஆண்டு மார்ச்சு 31ஆம் தேதிக்குள் அரசாங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும். சிறு வியாபாரி ஒருவர் இதையெல்லாம் தாமாகப் படித்து நிறைவேற்றுவது எளிதல்ல. இங்கேதான் சங்கங்கள் கை கொடுக்கின்றன. வகுப்பு நடத்துகின்றன, மாதிரித் தாள் தயாரித்துக் கொடுக்கின்றன, விதி புரியாத இடத்தில் அதிகாரிகளிடம் கேட்டு விளக்கம் வாங்கித் தருகின்றன. நல்ல காரியம்.

இந்த நல்ல புத்தி அவர்களுக்குத் தானாக வந்ததா? இல்லை. 1984 டிசம்பர் 2ஆம் தேதி நள்ளிரவு இந்தியாவில் போபால் நகரத்து யூனியன் கார்பைடு பூச்சிக்கொல்லித் தொழிற்சாலையிலிருந்து விஷ வாயு கசிந்து, தூங்கிக் கொண்டிருந்த ஏழை ஜனங்கள் ஆயிரக்கணக்கில் மாண்டனர். உலகமே ரசாயனக் கம்பெனிகளைக் கொலைகாரர்களாய்ப் பார்த்தது. மறு ஆண்டு, 1985இல், கனடா நாட்டு ரசாயன உற்பத்தியாளர் சங்கம் 'பொறுப்பான பராமரிப்பு' என்ற கூட்டு உறுதிமொழியைத் தொடங்கியது. சட்டம் சொல்வதற்கு மேலேயும் நாங்களே பாதுகாப்பைக் கவனிப்போம் என்பது அதன் சாரம். அது நாடு நாடாகப் பரவி, 1994இல் மலேசிய ரசாயனத் தொழில் மன்றத்தின் வழியாக இங்கும் வந்தது.

நமக்குப் போபால் தூர தேசமாகத் தோன்றலாம். சுங்கை பூலோ தூரமா? 1991 மே 7ஆம் தேதி அங்கே பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து 26 பேர் இறந்தனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். சுற்று வட்டார வீடுகள் நொறுங்கின. மூன்றாண்டு கழித்து வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அதுவரை நம்மிடம் இருந்த 1967ஆம் ஆண்டுச் சட்டம் தொழிற்சாலையையும் இயந்திரத்தையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. பால்காட்டில் பம்பு சுமந்து மருந்தடிக்கும் பெண்பிள்ளை அதன் கண்ணில் படவே இல்லை. தோட்டத் தொழிலையும் சேர்த்து எழுதப்பட்டது 1994ஆம் ஆண்டுச் சட்டமே. பிணம் விழுந்த பிறகே பேனா எழுதுகிறது என்ற மனக்கசப்பு நமக்கு உண்டு. ஆயினும் எழுதிய சட்டத்தை வேண்டாம் என்போமா?

இந்த நாட்டு ரப்பர்த் தொழில் ஒற்றுமையாக ஒரு பாதுகாப்புப் பிரச்னையைத் தீர்த்த கதை ஒன்று உண்டு. அதை நம் தோழர்கள் அவசியம் அறிய வேண்டும். 1987இல் அமெரிக்காவில், எய்ட்ஸ் நோய் பயத்தால், ஆஸ்பத்திரி ஊழியர் எல்லாரும் கையுறை அணிய வேண்டும் என்ற யோசனை பரவியது. கையுறைக்குக் கிராக்கி ஏறிற்று. நம் நாட்டில் புற்றீசல்போல் கையுறைத் தொழிற்சாலைகள் முளைத்தன. சில ஆண்டுகளில் அமெரிக்கத் தாதிகளுக்கு மேலெல்லாம் தடிப்பும் மூச்சுத் திணறலும் கண்டன. ரப்பர்ப் பாலில் உள்ள புரதம் சரியாகக் கழுவப்படாமல் கையுறையில் தங்கியதே காரணம். கையுறைக்குள் தூவிய மாவு அந்தப் புரதத்தைக் காற்றிலும் பரப்பியது. 1991இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. 1998இல் ரப்பர்ப் பால் கலந்த மருத்துவப் பொருளிலெல்லாம் அதை லேபிளில் சொல்ல வேண்டும் என்று கட்டாயமாக்கியது.

அப்போது நம் முதலாளிகள் என்ன செய்தார்கள்? ஒருவர் தலையில் ஒருவர் பழி போட்டுக் கொண்டு நிற்கவில்லை. ரப்பர் ஆராய்ச்சி நிலையமும் உற்பத்தியாளர்களும் கூடி உட்கார்ந்தனர். கையுறையை வெந்நீரில் எவ்வளவு நேரம் ஊறவைத்துக் கழுவினால் புரதம் குறையும், குளோரின் கொண்டு மேற்பரப்பை எப்படிப் பதப்படுத்தினால் மாவே இல்லாமல் கையுறை செய்யலாம் என்றெல்லாம் சோதித்து, முறை வகுத்து, அதைத் தொழில் முழுவதற்கும் பரப்பினர். ரப்பர் வாரியம் தரச் சான்றிதழ் ஒன்றையும் ஏற்படுத்தியது. பின்னர் 2017 ஜனவரியில் அமெரிக்கா மாவுக் கையுறையை அடியோடு தடை செய்தபோது, நம் நாட்டுத் தொழில் படுத்துவிடவில்லை. முன்கூட்டியே தயாராக இருந்தது.

இது புதிதுமல்ல. 1965இல் மலேசியத் தர ரப்பர் என்ற திட்டம் வந்ததே, அதற்கு முன் ரப்பரைக் கண்ணால் பார்த்தே தரம் பிரித்தார்கள். அதன் பின் அழுக்கு இவ்வளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்று எண்ணிக்கையால் பிரித்தார்கள். பெரிய தோட்டத்துக்காரரும் சிறு தோட்டத்துக்காரரும் ஒரே அளவுகோலுக்கு வந்தார்கள்.

சரி. பல்லாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும் தாதியின் தோல் தடிக்கிறது என்றதும் ஒரு தேசத்தின் தொழில் முழுவதும் கூடி வழி கண்டது. வாங்குபவர் கைக்கு வந்த நோவு அது! அதே காலத்தில், அதே நாட்டில், மருந்தடிக்கும் பெண்ணின் நகம் கறுத்து உதிர்ந்தபோது இந்தக் கூட்டுறவு எங்கே போயிற்று?

பழைய ஆட்களுக்கு லாலான் மருந்து நினைவிருக்கும். சோடியம் ஆர்சனைட் என்பது அதன் பெயர், பச்சைப் பாஷாணம். தெளித்த புல்லை மேய்ந்த மாடு வாயில் நுரை தள்ளிச் செத்தது. மனிதரையும் அது விடவில்லை. அதற்கு மாற்றாக 1962இல் பிரிட்டிஷ் கம்பெனியான ஐ.சி.ஐ. பாராகுவாட் என்ற களைக்கொல்லியைக் 'கிராமொக்சோன்' என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. தோட்ட நிர்வாகங்களுக்கு அது கிடைத்தற்கரிய சரக்காயிற்று. பச்சை இலையில் பட்டதும் கருக்கிவிடும். முற்றிய மரப்பட்டையை ஒன்றும் செய்யாது. அடித்துச் சற்று நேரத்தில் மழை கொட்டினாலும் வீணாகாது. மண்ணில் பட்டதும் மண்ணோடு ஒட்டிச் செயலற்றுப் போகும். நித்தம் மழை பெய்யும் நாட்டுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பாஷாணத்துக்குப் பதில் இது வந்தது முன்னேற்றமே என்று அக்காலத்தில் பலர் எண்ணியதில் வியப்பில்லை.

ஆனால் இதில் ஒரு வாய் உள்ளே போனால் ஆளைக் கொல்லும். முறிமருந்து இன்றுவரை கிடையாது. நுரையீரல் நாளுக்கு நாள் இறுகி, நினைவோடு இருக்கும்போதே மூச்சு முட்டிச் சாவார்கள். குடிக்காமல் அடிப்பவர்களுக்கும் தப்பில்லை. நகம் போகும், மூக்கில் இரத்தம் வடியும், கண் எரியும், பம்பு ஒழுகிய முதுகில் புண் பிடிக்கும். குடித்துச் சாவதைத் தடுப்பதற்காகக் கம்பெனி பின்னாளில் நீல நிறமும் கெட்ட நாற்றமும் வாந்தி மருந்தும் சேர்த்தது. முதுகில் வடிகிற மருந்துக்கு வாந்தி மருந்து என்ன செய்யும்?

ரப்பர் உடுப்பும் கண்ணாடியும் முகமூடியும் அணிந்து அடிக்க வேண்டும் என்பது விதி. உச்சி வெயிலில், நான்கு கேலன் பம்பை முதுகில் ஏற்றி, மேடு பள்ளம் ஏறி இறங்கி அந்த உடுப்போடு ஒரு மணி நேரம் நடந்து பார்த்தவர் எவரும் அந்த விதியை எழுதியிருக்க மாட்டார். சுவீடன் 1983இலேயே பாராகுவாட்டைத் தடை செய்துவிட்டது. குளிர் தேசத்தவர் ஆபத்தென்று ஒதுக்கிய சரக்கை வெயில் தேசத்தில் பத்திரமாக அடிக்கலாம் என்று நமக்குச் சொல்லப்பட்டது.

1996இல் மிகு நச்சுப் பூச்சிக்கொல்லிகளுக்கென்று தனி விதிகள் வந்தன. மறைந்த ஐரின் பெர்னாண்டஸ் அம்மையாரின் தெனாகனித்தா அமைப்பு, தோட்டத்தில் மருந்தடிக்கும் பெண்களின் நிலையை ஆராய்ந்து 2002இல் அறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் பூச்சிக்கொல்லி வாரியம் பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்துவது என்று முடிவு செய்தது. 2005இல் முற்றாக நிற்கும் என்றார்கள். நம் பெண்கள் பெருமூச்சு விட்டனர்.

பெருமூச்சு அடங்கும் முன்னே தோட்டத் தரப்பும் மருந்துக் கம்பெனித் தரப்பும் அரசாங்கத்தின் வாசலில் கூடிவிட்டன. மாற்று மருந்து விலை அதிகம், களை சீக்கிரம் சாவதில்லை, தொழில் நஷ்டப்படும் என்று முறையிட்டனர். முறையாகப் பழக்கிவிட்டால் ஆபத்தில்லை என்றும் வாதாடினர். 2006 நவம்பரில், மேலும் ஆராய வேண்டியிருக்கிறது என்ற காரணத்தின் பேரில் தடை தளர்த்தப்பட்டது. அடுத்த ஆண்டே, 2007 ஜூலையில், ஐரோப்பிய நீதிமன்றம் பாராகுவாட்டுக்கு அங்கே கொடுத்திருந்த அனுமதியை ரத்துச் செய்தது. இங்கே ஆராய்ச்சி தொடர்ந்தது. 2018இல் செம்பனை எண்ணெய் வாங்குவோரும் விற்போரும் சேர்ந்த வட்டமேசை அமைப்பு, தன் சான்றிதழ் வேண்டுவோர் பாராகுவாட்டைத் தொடக் கூடாது என்றது. 2020 ஜனவரி 1ஆம் தேதி நம் நாட்டில் முழுத்தடை அமலுக்கு வந்தது. முதல் முடிவுக்கும் முழுத்தடைக்கும் நடுவே பதினேழு ஆண்டுகள். 2002இல் மருந்தடிக்க வந்த இளம்பெண் 2020இல் நடுவயதைத் தொட்டுவிட்டாள்.

இதில் கவனிக்க வேண்டியது, சட்டத்துக்கு இணங்க வழி சொல்லிக் கொடுக்கும் அதே சங்க மேசையில்தான், சட்டத்தைத் தள்ளிப்போடும் வழியும் பேசப்படுகிறது என்பதே. முதலாளிகள் கெட்டவர்கள், அதனால் அப்படி என்று சொல்லி முடித்துக் கொள்வது சோம்பேறித்தனம். மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் எல்லாருக்கும் மருந்தின் விலை தெரிந்திருந்தது. மருந்தின் வலி தெரிந்தவர் ஒருவரும் அங்கே இல்லை. இருந்திருந்தால் பதினேழு ஆண்டு ஏழாண்டாகியிருக்கும் என்பது எமது திடமான அபிப்பிராயம்.

பாராகுவாட் ஒழிந்தது, இனிக் கவலையில்லை என்று சிலர் நினைக்கின்றனர். அதன் இடத்தில் கிளைபோசேட்டும் குளுபோசினேட்டும் வந்திருக்கின்றன. உடனடியாகக் கொல்லும் தன்மையில் இவை பாராகுவாட்டுக்குப் பக்கத்தில் வரா என்பது உண்மை. ஆனால் கிளைபோசேட் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடும் என்று 2015இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு சொன்னது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு நிறுவனம் அப்படித் தோன்றவில்லை என்றது. குளுபோசினேட்டுக்கு ஐரோப்பாவில் இருந்த அனுமதி 2018இல் முடிந்து போயிற்று. விஞ்ஞானிகளுக்குள்ளேயே வழக்குத் தீராதபோது, சந்தேகத்தின் பலன் மருந்துக்கா, அதைச் சுமக்கும் முதுகுக்கா?

அந்த முதுகும் இன்று பெரும்பாலும் நம்மவருடையதல்ல. இந்தோனேசியத் தோழரும் வங்காளதேசத் தோழரும் நேப்பாளத் தோழரும் பம்பு சுமக்கின்றனர். கையுறைத் தொழிற்சாலையில் திராவகத் தொட்டி அருகே நிற்பவர்களும் அவர்களே. விவரத்தாளோ மலாயிலும் ஆங்கிலத்திலும் அச்சாகிறது. மருந்து டின்னில் "விஷம்" என்று தமிழில் போட்டிருந்ததைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நாம். அந்த ஒரு வார்த்தை எத்தனை பேர் உயிரைக் காத்ததோ, யார் கண்டார்? வங்காளத்திலும் நேப்பாளியிலும் அந்த ஒரு வார்த்தையை யார் போடுவார்? நம் ஆளா, பிற நாட்டாளா என்று பார்த்துத் தோலுக்குள் புகும் மருந்து எங்கேயும் தயாராகவில்லை. அவர்களுக்காகவும் நாம்தான் கேட்க வேண்டும்.

சட்டத்தில் நமக்கு இடமே இல்லையா என்றால், இருக்கிறது. வேலையிடப் பாதுகாப்புக்கான தேசிய மன்றத்தில் முதலாளி தரப்புக்குச் சமமாகத் தொழிலாளர் தரப்புக்கும் மூன்று நாற்காலிகள் உண்டு. கீழே வந்தால், நாற்பது பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் கமிட்டி கட்டாயம். நூறு பேர் வரை இருந்தால் தொழிலாளர் தரப்பில் இரண்டு பேராவது, அதற்கு மேல் நான்கு பேராவது கமிட்டியில் இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறையேனும் கூட வேண்டும். 1996ஆம் ஆண்டு விதிகள் சொல்வது இது. எத்தனை தோட்டங்களில் அந்தத் தொழிலாளர் பிரதிநிதியைத் தொழிலாளர்கள் தேர்ந்தெடுத்தார்கள்? மண்டோரையோ மானேஜருக்கு வேண்டியவரையோ பெயருக்கு உட்கார வைத்துக் கையெழுத்து வாங்குவது கமிட்டியாகாது. ஆட்களைக் குத்தகைக்காரரிடம் பிரித்துக் கொடுத்து, எங்களிடம் நாற்பது பேர் இல்லையே என்று கையை விரிப்பதையும் நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

2022இல் திருத்தப்பட்டு 2024 ஜூன் 1ஆம் தேதி அமலுக்கு வந்த சட்டம் இந்தத் தந்திரத்துக்கு ஓரளவு பூட்டுப் போட்டிருக்கிறது. குத்தகைக்காரரின் ஆள் என்றாலும், வேலை கொடுத்த மூல முதலாளிக்கும் பொறுப்பு உண்டு. ஐந்து பேர் வேலை செய்யும் இடத்திலும் பாதுகாப்புக்கென்று ஒருவரை நியமிக்க வேண்டும். கடமை தவறிய முதலாளிக்கு முன்பு உச்ச அபராதம் ஐம்பதாயிரம் வெள்ளி. இப்போது ஐந்து லட்சம் வெள்ளி. உடனடி ஆபத்து இருப்பதைச் சொல்லியும் நிர்வாகம் ஒன்றும் செய்யாவிட்டால், அந்த இடத்தை விட்டு விலகும் உரிமை தொழிலாளிக்கு உண்டு. இந்தக் கடைசி உரிமையைப் பெரட்டுக் களத்தில் எந்தத் துரையும் வாசித்துக் காட்டப் போவதில்லை. நாம்தான் வாசிக்க வேண்டும்.

இங்கே கிராணிமாருக்கு ஒரு வார்த்தை. இதை எழுதுபவனும் கிராணி வேலை பார்ப்பவனே. ரசாயனங்களின் பட்டியல் நம் கையெழுத்தில்தான் இருக்கிறது. விவரத்தாள் வந்து சேருவது நம் மேசைக்குத்தான். ஒரு தோட்டத்தில் (பெயர் வேண்டாம்) அந்தத் தாள்கள் அழகாக நூல் கட்டி அலமாரியில் பூட்டியிருந்தன. சாவி மானேஜரின் மேசையில். மேற்பார்வைக்கு அதிகாரி வரும் நாளில் மட்டும் அலமாரி திறக்கும். கண்ணில் அம்மோனியா தெறித்த தொழிலாளிக்கு என்ன செய்வதென்று அன்றைக்கு ஸ்டோரில் நின்ற எவருக்கும் தெரியவில்லை. கழுவு, தண்ணீரால் நிறுத்தாமல் கழுவு என்பது அந்தத் தாளின் நான்காம் தலைப்பில் எழுதியே இருந்தது. சட்டத்துக்கு இணங்கியாயிற்று, கண்ணுக்கு உதவவில்லை. முதலாளி சங்கங்கள் எவ்வளவு உழைத்துத் தாள் தயாரித்தாலும் அது கடைசி பத்து கஜத்தில், ஆபீஸ் அலமாரிக்கும் பால் ஸ்டோருக்கும் நடுவே, நின்றுவிடுகிறது. அந்தப் பத்து கஜத்தைக் கடத்தக் கூடியவர் கிராணி. பதினாறு தலைப்பையும் மொழிபெயர்க்க வேண்டாம். ஆபத்து என்ன என்னும் இரண்டாம் தலைப்பு, முதலுதவி சொல்லும் நான்காம் தலைப்பு, என்ன அணிய வேண்டும் என்னும் எட்டாம் தலைப்பு ஆகிய மூன்றை மட்டும் தொழிலாளி அறிந்த மொழியில் எழுதி ஸ்டோர்ச் சுவரில் ஒட்டினால் போதும். அதற்கு எந்த நிர்வாகமும் சம்பளத்தைப் பிடிக்க முடியாது.

நிர்வாகங்களுக்கும் முதலாளிமார் சங்கங்களுக்கும் நாம் சொல்ல விரும்புவது இது. 2000ஆம் ஆண்டு விதிகளின்படி, ரசாயனம் புழங்கும் இடத்தில் எழுத்து மூலமான அபாய மதிப்பீடு இருக்க வேண்டும். ஐந்து ஆண்டு தாண்டினால் மறுபடி செய்ய வேண்டும். அந்த மதிப்பீட்டுக்கு அதிகாரம் பெற்றவர் வரும் நாளில் சங்கப் பிரதிநிதியும் கூட நடக்க வேண்டும். ஒழுகும் பம்பு எது, தண்ணீர்க் குழாய் இல்லாத கொட்டகை எது என்பது அவருக்குத் தெரியும். மருத்துவச் சோதனை தேவைப்படும் ரசாயனத்தில் வேலை செய்பவருக்கு அதன் முடிவு அவர் கையிலேயே சேர வேண்டும். முதலாளியின் கோப்பில் முப்பது ஆண்டு பத்திரமாயிருந்து அவருக்கு என்ன பயன்? மருந்தை மாற்றும்போது விலைப் பட்டியலோடு அடிப்பவரின் அபிப்பிராயமும் மேசைக்கு வர வேண்டும். ரசாயனத் தொழில் மன்றமும் கையுறைச் சங்கமும் மாப்பாவும் பாதுகாப்புக்கென்று நடத்தும் கமிட்டிகளில் தொழிற்சங்கத்துக்கு ஒரு நாற்காலி போட வேண்டும். விருந்தாளியின் நாற்காலி போதாது; நடவடிக்கைக் குறிப்பில் பெயரும் பேச்சும் ஏறும் நாற்காலியாக அது இருக்க வேண்டும். அமெரிக்கத் தாதியின் கையைக் காக்கக் கூடியவர்களுக்கு இது பெரிய சிரமமல்ல. அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சுவார்த்தையில் சம்பளத்தோடு இதையும் வைக்க வேண்டும் என்பது எமது யோசனை.

கிளைக் கமிட்டிகள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. இம்மாதக் கிளைக் கூட்டத்துக்கு வரும்போது நான்கு விவரம் கொண்டு வாருங்கள். உங்கள் தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ பாதுகாப்புக் கமிட்டி கடைசியாகக் கூடிய தேதி எது? அதில் தொழிலாளர் தரப்பில் உட்கார்ந்தவரை யார் தேர்ந்தெடுத்தது? அபாய மதிப்பீடு எந்த ஆண்டில் நடந்தது? மருந்துக் கொட்டகையில் இப்போது இருக்கும் டின்களின் பெயர் என்ன? பதில் தெரியாவிட்டால் "தெரியாது, சொல்ல மறுத்தார்கள்" என்றே எழுதிச் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். அதையும் பேச்சுவார்த்தை மேசைக்கு எடுத்துச் செல்வோம்.